வெட்டி ஒட்டிய அப்பா

அம்மாவிடம் அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்தன்று எடுத்தது. கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் அதைக் கொடுத்து, மாலையை நீக்கி, கோட்டு மாட்டி, ஆளைத் தனியாக வெட்டி வைத்திருந்தாள். என் காதுகுத்து, சடங்கு, காலேஜ் முடித்த பட்டமளிப்பு என்று வீட்டில் எந்தப் படம் எடுத்தாலும் அந்த ஆளைக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் ஒட்டுவார்கள். முதலில் கத்தரிக்கோலால், பிறகு கம்ப்யூட்டரில். செத்துப்போனவர்களை இப்படிச் சேர்ப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். என் அப்பா சாகவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்களை விட்டுப் போனவர், விளாத்திகுளத்தில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

எங்கள் மேல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும், அவர் மேல் மட்டும் மறுபக்கமிருந்து. அவருக்குப் படத்தில் இன்னும் கல்யாண நாள்தான் நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் வருஷங்களோ தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி ஓடின. காதுகுத்துப் படத்தில் இருவரும் ஜோடி. சடங்குப் படத்தில் அம்மா அவருக்கு அக்கா. அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, “மூத்தவன் எங்கக்கா வேல பாக்கான்?” என்று கேட்டாள்.

“வெளியூர்ல” என்றாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போனதும், “அந்த மனுசனுக்குத்தான் வெக்கம் இல்ல, ஒனக்குமா இல்ல?” என்று கத்தினேன். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

என் கல்யாணத்துக்கு, யார் சொல்லிவிட்டார்களோ, அவரே வந்து நின்றார். முன்பல் இல்லை, முதுகு வளைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தாரை வார்த்ததெல்லாம் தாய்மாமா. நோகாமல் நுங்கு தின்ன வந்தவர், போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து மேடையேறி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அம்மா பக்கத்தில் நின்றார். சபையில் வைத்து என்ன சொல்ல? அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தப் படம் திரையில் வந்ததும் அம்மா விரலை வைத்தாள்.

“இந்தப் பெரியவர எடுத்துருங்க அண்ணாச்சி.”

“யாரும்மா இவிய?”

“தெரியாது. எங்க வீட்டு அவிய படம் ஒங்ககிட்ட இருக்குல்லா, அத அங்கன வச்சிருங்க.”

ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாற்றி வைத்துவிட்டு அவர் தயங்கினார்.

“அவிய ரொம்பச் சின்ன வயசாத் தெரியுதாவ. ஒங்க முகத்துச் சுருக்கத்தையும் கொஞ்சம் எடுத்துரட்டா?”

“என் மூஞ்சியில கை வைக்காதீங்க” என்றாள் அம்மா. “அவியளுக்கும் சேத்து நாந்தான் கெழடாயிருக்கேன்.”

அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

ஆல்பம் வந்த வாரம் அப்பா போன் செய்தார். யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏட்டி, போட்டோல நான் நல்லா விழுந்திருக்கனா?”

மடியில் ஆல்பம் விரிந்து கிடந்தது. அதில் அவர் என் வீட்டுக்காரரைவிட இளையவர்.

“நல்லாத்தான் இருக்கீங்க” என்றேன். “எங்க வீட்டுல ஒங்களுக்கு மட்டும் வயசே ஆவல.”