ஆடி மாதத்துத் தீபம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பிறந்தநாள் மறந்தாலும் மறக்கும், மலைமேல் தீபம் ஏற்றுவது எந்த மாதம் என்பது மறக்கவே மறக்காது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள், ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள், கார்த்திகையைத் தப்பாகப் படிப்பேனா? தப்பாகப் படித்துத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரியாகப் படித்துத்தான் ஒரு குடும்பத்தைக் கலைக்கப் பார்த்தேன்.

என் சித்தப்பா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே பட்டாளத்து ஆட்சி வந்து, கடைகளை எடுத்துக்கொண்டு நம் ஆட்களைக் கிளம்பச் சொன்னபோது அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், அத்தையும்தான். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. பக்கத்து அரிசிக்கடை பாயின் மனைவி. பாயைப் பட்டாளத்தார் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். தனியாக நின்ற அத்தையைத் தன் தங்கை என்று சொல்லிக் கப்பலில் ஏற்றினாராம் சித்தப்பா. விபூதி பூசிய அண்ணனுக்கு முக்காடு போட்ட தங்கையா என்று அங்கிருந்த அதிகாரி முறைத்தபோது, "ஆமாங்க, எங்க வீட்ல அப்படித்தான்" என்றாராம். அந்த நெஞ்சழுத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அத்தைக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டு அறை. நோன்பு மாதத்தில் சாயங்காலக் கஞ்சியை அம்மாதான் காய்ச்சுவாள். உப்பு கம்மி என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா அள்ளிப் போடும் உப்பு எப்போதும் ஜாஸ்தி.

வருஷத்துக்கு ஒருமுறை, தீபம் முடிந்த கையோடு, ரங்கூனிலிருந்து ஒரு கடிதம் வரும். எழுதுகிறவர் அங்கேயே தங்கிவிட்ட முருகன் கோயில் பூசாரி. கடிதங்களைப் பட்டாளத்தார் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் மழை, விலைவாசி, கோயில் விசேஷம், அவ்வளவுதான் இருக்கும். பாயைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்படியும் அத்தை கைவேலையைப் போட்டுவிட்டுச் சித்தப்பா எதிரில் உட்கார்ந்து கேட்பார். 'கார்த்திகை மாதம் தீபம் நல்லபடியாக ஏற்றினோம்' என்ற வரி வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏழு வருஷமும் இதே கதைதான். எனக்கு அந்த வரி மனப்பாடம்.

அந்த வருஷம் அத்தையின் சொந்த அண்ணன் வாணியம்பாடியிலிருந்து வந்தார். நல்ல மனிதர். தங்கைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்டார். வேறு இடம் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

"இந்த வருஷத்து லெட்டர் வரட்டும். அதுலயும் ஒண்ணும் இல்லன்னா, நீங்க சொல்றபடி கேக்கறேன்" என்றார் அத்தை கடைசியில்.

கதவோரம் நின்று கேட்ட எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அத்தை இல்லாத பின்கட்டை நினைக்கவே முடியவில்லை.

கடிதம் வந்த அன்று சித்தப்பா ஊரில் இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு மனை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக வேலூர் ஆபீசுக்கு அலையப் போயிருந்தார். அத்தைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்கும் எழுத்துக்கூட்டத்தான் வரும். அத்தையால் பொறுக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் நிற்கிறவள் மாதிரி படித்தேன். மழை வந்தது, விலைவாசி ஏறியது, அப்புறம் அந்த வரி. 'ஆடி மாதம் தீபம் நல்லபடியாக ஏற்றினோம்.'

ஆடியா! எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வயசாகிவிட்டது பூசாரிக்கு. பெரிய மனது பண்ணி நானே திருத்தி, கார்த்திகை என்று படித்தேன்.

"எந்த மாசம்னு போட்டிருக்கு, கண்ணு? நல்லா பாரு" என்றார் அத்தை.

"கார்த்திகைதான் அத்தை. வேற எந்த மாசத்துல ஏத்துவாங்களாம்?" என்றேன், என் படிப்பைச் சந்தேகப்படுகிறாரே என்ற கோபத்தில்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அத்தை சொல்லியனுப்பி, மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் வந்துவிட்டார். சித்தப்பா வரும்வரை இருக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அவர் முகத்தைப் பார்த்தால் கிளம்ப மனசு வராது என்று அத்தை சொல்லிவிட்டார். ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட காகிதக் குடையை என் கையில் கொடுத்தார். நான் அழுது தீர்த்தேன். அனுப்பி வைக்கிறவளே நான்தான் என்பது அந்த மேதாவிக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, சித்தப்பா வந்து நின்றார். சட்டையைக் கழற்றிக்கொண்டே கடிதத்தைக் கேட்டார். படித்தவர் அப்படியே நின்றார்.

"இத யார் படிச்சது?"

"நான்தான் சித்தப்பா. பூசாரி தப்பா எழுதிட்டாரு. நான் கார்த்திகைன்னு திருத்திப் படிச்சேன்."

முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். வெறும் உடம்போடு, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். குடையோடு நானும் பின்னால் ஓடினேன்.

வாணியம்பாடி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. சித்தப்பா அதன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"ஆடிம்மா! ஆடின்னு போட்டிருக்கும்மா!"

"ஆடி போயி எத்தினி மாசம் ஆச்சு, வழிய வுடுய்யா" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை மட்டும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அது அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. இறங்கி வந்து, நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல், பஸ்ஸின் மேலே ஏறித் தானே பெட்டியை இறக்கினார்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஏன் என்று விளக்கவும் இல்லை. பூசாரியும் சித்தப்பாவும் கப்பல் ஏறும்போது, அத்தை எதிரிலேயே, பேசி வைத்துக்கொண்டதாம் அது. பாய் உள்ளேயே இருந்தால் கார்த்திகை, வெளியே வந்துவிட்டால் ஆடி. பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். பாய் எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். பட்டாளத்தார் தெருவில் சோதனை போட வந்த நாளில் முருகன் கோயில் வெள்ளி வேலாயுதத்தைத் தன் கடை அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அகப்பட்டதும், வெள்ளி என்னுடையதுதான் என்றிருக்கிறார். பூசாரி பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தீபத்துக்குள் பாய் வந்து சேர்ந்துவிட்டார். ஒல்லியாக, முன்பற்கள் இரண்டு இல்லாமல் இருந்தார். தீபத்தன்று சாயங்காலம் மொட்டைமாடியில் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அரோகரா என்றது. நான் பாயின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பாத்துக்குங்க மாமா, இதான் கார்த்திகை. உங்க பூசாரிக்கு இதுகூடத் தெரியல. லெட்டர் போட்டா கண்டிப்பா சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரிந்த மனிதரைக் குறை சொன்னதில் அவருக்கு வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, போனால் போகிறது, வயசானவர்தானே என்று பூசாரியை நான் மன்னித்துவிட்டேன்.