தரம் நான்கு நட்ட குழாய்கள்

1. கல்லுக்குப் பஞ்சம்

மன்னார்த் தீவில் குனிந்து பொறுக்கக் கல் கிடையாது. ஆசிரியர் வழிகாட்டி எழுதியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால், தரம் நான்குப் பிள்ளைகளிடம் வீட்டுச் சூழலில் உள்ள கற்களைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்க மாட்டார்கள். நான் பெருநிலப்பக்கத்து இலுப்பைக்கடவைக்காரி. ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது தீவின் வடகரையில் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவள். எனக்கும் தெரியாது. வழிகாட்டியில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேசை நிறைந்தது. பாதிச் செங்கல், உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி, கடல் ஒதுக்கிய முருகைக் கல் இரண்டு. ஒருவன் கறுத்த கருங்கல்லை வைத்தான். நல்ல கல்லாக இருக்கிறதே, எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

"றெயில் ரோட்டிலை, ரீச்சர். அங்க கனக்கக் கிடக்கு. நாளைக்கு எத்தினை வேணும்?"

அதை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். அதற்குள் டிலானி என்ற சின்னப் பெண் புத்தகப் பையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே அம்மிக்குழவி. பின்னாலேயே அவளுடைய தாய், மஞ்சள் அப்பிய கையோடு வந்து வாசலில் நின்றார்.

"ரீச்சர், பாடம் முடிஞ்சுதெண்டா குழவியைத் தாங்கோ. அரைச்சது பாதியிலை நிக்குது."

இந்த ஊரில் கல்லைப் படிப்பித்துச் சரிவராது, இருக்கிற மணலையே படிப்பிப்போம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் சரியில்லை.

2. யாருக்கும் சொல்லக் கூடாது

நிலம் அசையாமல் கிடப்பதில்லை, காற்றும் கடலும் அதை எந்நேரமும் மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பது அந்தப் பாட அலகின் சாரம். இதைப் படம் கீறி விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடக் கக்கூசு திருத்தியபோது மிஞ்சிய பிவிசி பைப் மூலையில் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக அறுத்து, சிவப்பு மையால் அளவுக் கோடு போட்டு, இலக்கம் எழுதி, தூரத்தில் தெரிவதற்காக உச்சியில் சிவப்பு ரிபனும் கட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கடற்கரை வெளிக்குப் போய் வரிசையாக இறுக்கி நட்டோம். கிழமைக்கு ஒரு முறை, திங்கள்தோறும் போய், கோட்டுக்கு மேலே மணல் ஏறியதா, கீழே இறங்கியதா என்று பார்ப்பது திட்டம்.

பெரியவர்கள் கண்டால் பிடுங்கிக்கொண்டு போய்க் கோழிக்கூடு கட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதனால் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கண்ணை உருட்டிச் சொன்னேன்.

"வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லக் குடாது. ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்ல வேணும். விளங்கிச்சுதோ?"

"ஓம் ரீச்சர்."

வாய்பாடு சொல் என்றால் மறந்து போகிற பிள்ளைகள் இதை மறக்கவில்லை.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன் வெளியாட்கள் சிலர் வந்து, இதே வெளியில் குழாய் இறக்கி மணலை எடுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மணலில் உள்ள கறுப்புத் தாதுவுக்காக ஒரு கொம்பனி ஊரையே தோண்டப்போகிறது என்று பேச்சு. மணல் போனால் கடல் உள்ளே வரும், கிணற்றுத் தண்ணீர் உப்பாகும், கரைவலை இழுக்கக் கரை இருக்காது. இனி ஒரு குழாய் இறங்கினாலும் விடுவதில்லை என்று ஊர் கூடித் தீர்மானித்திருந்தது.

3. பதாகை

திங்கட்கிழமை காலை பட்டினத்திலிருந்து நான் வந்த பஸ் ஊர் எல்லையில் நின்றது. வீதிக்குக் குறுக்கே பனங்குற்றி போட்டிருந்தார்கள். கோயில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர் சூசை சம்மாட்டி. கரைவலைக்குச் சொந்தக்காரர், டிலானியின் தகப்பன், ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ரீச்சர், நீங்களும் இறங்கி வாங்கோ. இண்டைக்குப் பள்ளிக்குடம் இல்லை. திரும்பவும் வந்திட்டாங்கள்."

"ஆர் வந்தது?"

"மணல் தோண்ட வாற கொம்பனி ஆக்கள். பேர் ஊர் தெரியேல்லை. வெள்ளிக்கிழமை இரவோட இரவா வேலையை முடிச்சிட்டுப் போயிட்டாங்கள்."

எனக்கும் கோபம் வந்தது. அயலூர்க்காரி ஆனாலும் சோறு போடுகிற ஊர் அல்லவா. ஒரு பெண் என் கையில் பதாகையைத் தந்தாள். எங்கள் மண்ணைத் தொடாதே என்று எழுதியிருந்தது. உயர்த்திப் பிடித்தேன். கோஷம் போட்டார்கள், நானும் போட்டேன். வகுப்பறையில் கத்திப் பழகிய தொண்டை, நன்றாகவே எடுபட்டது. சம்மாட்டி திரும்பிப் பார்த்து, ரீச்சரை முன்னுக்கு விடுங்கோ என்றார்.

வழியில் ஒரு கவிழ்த்த வள்ளத்தின் மேல் முன்பின் தெரியாத பெடியன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மின்சார மீற்றர் வாசிக்க வந்தவன். கையில் மெசின் இருந்ததால் கொம்பனி ஆள் என்று பிடித்து, மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்திருந்தார்கள். தேத்தண்ணியும் கொடுத்திருந்தார்கள். அதைக் குடிக்கிறதா விடுகிறதா என்று தெரியாமல் அவன் விழித்துக்கொண்டிருந்தான். இளந்தாரிகள் நாலைந்து பேர் அவனை முறைத்தபடி நின்றார்கள்.

கடற்கரை வெளிக்கு வந்தோம். காற்றில் சிவப்பு ரிபன்கள் படபடத்தன. அருகில் நின்ற குழாயில் இலக்கம் நான்கு. அந்த நாலின் வாலை அப்படி இழுத்து எழுதுகிறவள் இந்தக் கல்வி வலயத்தில் நான் ஒருத்திதான்.

பதாகையைக் கீழே இறக்கினேன். கூட்டத்துக்குள் என் வகுப்புப் பிள்ளைகளைத் தேடினேன். எல்லாரும் தாய் தகப்பனின் பக்கத்தில் நின்றார்கள். எல்லாருடைய வாயும் இறுக்கிப் பூட்டியிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4. சொல்லலாமோ

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நானே கொம்பனியின் ஆள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தாய் என் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புவாள்? ஆனால் அந்த மீற்றர் பெடியனுக்கு அடி விழப்போகிறது என்பது இளந்தாரிகள் கையை மடக்கிய விதத்திலேயே தெரிந்தது.

"சம்மாட்டி, அந்தப் பெடியனை விடுங்கோ. இந்தப் பைப் எல்லாம் நான் நட்டது."

சம்மாட்டி என் கையிலிருந்த பதாகையைப் பார்த்தார்.

"நீங்களோ? ஆர் சொல்லி, ரீச்சர்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையளின்ரை பாடத்துக்கு."

"முந்தி வந்த ஆக்களும் ஆராய்ச்சிக்கு, படிப்புக்கு எண்டுதான் சொன்னவை."

"வேணுமெண்டா பிள்ளையளைக் கேளுங்கோ."

சம்மாட்டி மகளைப் பார்த்தார். "டிலானி, இது ஆரின்ரை பைப்?"

"தெரியாது."

இன்னொரு பிள்ளையைக் கேட்டார்கள். தெரியாது. இன்னொன்று. தெரியாது. பிள்ளைகள் எனக்குக் கொடுத்த வாக்கைக் காக்கிறார்களாம். சம்மாட்டி என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது.

"டிலானி, உண்மையைச் சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்க, "இப்ப சொல்லலாமோ ரீச்சர்?" என்றாள்.

கூட்டம் இரைந்தது. தகப்பன் கேட்டும் சொல்லாத பிள்ளை என்னிடம் அனுமதி கேட்கிறது. அந்த மனிதர் முந்தின நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஊரைக் கூட்டித் திரிந்தவர். அதைப் பார்த்துக்கொண்டு, நான் சொன்னதற்காக, அந்தச் சின்னது வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

சொன்னாள். பைப் எங்கே கிடந்தது, யார் அறுத்தது, ரிபன் யாருடைய தலையிலிருந்து கழற்றியது, நடும்போது ரீச்சர் சறுக்கி விழுந்தது, அதையும் சொல்லக் கூடாது என்று ரீச்சர் சொன்னது, ஒன்றும் மிச்சமில்லை. முதலில் சிரித்தவன் மீற்றர் பெடியன். பிறகு பெண்கள். கடைசியில் இளந்தாரிகள்.

சம்மாட்டி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குழாயைப் பிடுங்கி, உள்ளே இருந்த ஈர மணலைச் சாக்கில் தட்டினார். மேலே வெள்ளை, அடியில் சிப்பித் தூள், நடுவே மயிர் அளவில் ஒரு கறுப்புக் கோடு, கொம்பனி தேடி வந்த தாது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதுக்குத்தானோ இவ்வளவும்" என்றார் மெதுவாக.

5. அடுத்த திங்கள்

வீட்டில் சொல்ல முடியாத பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நடத்தக் கூடாது. இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வகுப்பில் நடப்பதெல்லாம் வீட்டுக்குப் போயிற்று. நான் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தேன் என்பதும் போயிற்று. அதைத் தவிர்க்க முடியவில்லை.

குழாய்களைப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். ஊர் கூடிப் பேசி, நிற்கட்டும் என்றது. அடுத்த திங்கள் அளவெடுக்கப் போனபோது தரம் நான்குக்கு முன்பே பாதி ஊர் அங்கே நின்றது. பிள்ளைகள் குழாய் குழாயாகப் பார்த்து அளவைக் கத்தினார்கள். கரையோரக் குழாயில் மணல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

சம்மாட்டிக்கு முகம் மாறியது. "எங்கை போச்சு, ரீச்சர்?"

"இப்ப அடிக்கிற சோளகக் காத்து கொண்டு போட்டுது. இஞ்ச குறைஞ்சா இன்னொரு பக்கத்திலை ஏறியிருக்கும்."

"திரும்பி வருமோ?"

"காத்து மாறினா வரும்."

அவர் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"காத்து கொண்டு போனா திரும்பி வரும். லொறி கொண்டு போனா வராது. அதையும் சேர்த்துப் படிப்பியுங்கோ, ரீச்சர்."

வழிகாட்டியில் அது இல்லை. அன்றைய பாடத்தில் அதைத்தான் முதல் வரியாகக் கரும்பலகையில் எழுதினேன்.