சாத்திய கதவு

ஜனவரியில் கடலோரச் சுற்றுலா ஊரான துப்ரோவ்னிக்குக்கு ஈ காக்கா வராது. புருஷன் விளாஹோ செத்ததிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளாமல், நெவெங்கா மட்டும் ‘அறை வாடகைக்கு’ அட்டையோடு தினமும் பேருந்து நிலையத்தில் நிற்பாள்.

“இந்தக் குளிர்ல எவன்க்கா வருவான்?” என்று பெட்டிக்கடை லூக்கோ கேலி செய்வான்.

வந்தாள் ஒருத்தி, தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து, தன்னந்தனியாக. வீட்டு வாசலிலேயே விளாஹோவின் வீட்டுச் செருப்பை நெவெங்கா நீட்டினாள்.

“தொளதொளன்னு இருக்கே!”

“போட்டுக்கம்மா, தரை ஜில்லுனு இருக்கும்.”

விடிகாலையில் அந்தச் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. வாசற்கதவு திறந்து குளிர்காற்று அடித்தது. அரைத்தூக்கத்தில் நெவெங்கா எரிந்து விழுந்தாள்.

“விளாஹோ, கதவைச் சாத்துய்யா! கழுத்து பிடிச்சுக்கும்!”

கதவு உடனே சாத்தப்பட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொன்ன உடனே விளாஹோ ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை.