மொட்டைமாடியில் எடுத்த குருவிப் படம்

நான் எழுதும் குடும்பக் கதைகளோடு இதைச் சேர்த்து வாசிக்க வேண்டாம். அவற்றில் கணவன்மார் கடைசிப் பக்கத்திலாவது வீடு திரும்பிவிடுவார்கள். இது எனக்கு நடந்தது. 1997 மார்ச் மாதம், வெள்ளவத்தையில்.

என் கணவர் கிளெமென்ற் கொட்டாஞ்சேனையில் கலியாண வீடியோ எடுப்பவர். அவருடைய கசற் ஒவ்வொன்றும் அந்தி வானத்தில்தான் தொடங்கும். ஆயிரக்கணக்கில் சூறைக்குருவிகள் புகைபோல் சுருண்டு விரியும். நடுவில் மணமக்கள் பெயர் வரும். மற்ற ஸ்ரூடியோக்காரர் வெளிநாட்டுப் படத்திலிருந்து குருவியைக் களவெடுப்பார்கள். இவருக்கு ஒவ்வொரு சோடிக்கும் புதுக் குருவி வேண்டும். பனிக்காலத்தில் அவை வந்தால் கமெராவோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

யுத்த காலம். ஒரு தமிழன் கடற்கரையில் நின்று கமெராவைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அந்த மார்ச்சில் ஒரு மாலை பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குருவியா? கொழும்பில காக்கா மட்டும்தானே இருக்கு, நோனா."

பழைய கலியாண கசற் ஒன்றைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார்.

"இது எந்த ஊர் வானமோ. வெள்ளவத்தை தெரியணும், குருவியும் தெரியணும். கொண்டுவந்து காட்டுங்க, விடுறோம்."

மார்ச் முடிந்தால் குருவிகள் போய்விடும். வீட்டில் பழைய கமெரா ஒன்று கிடந்தது. வெள்ளவத்தையில் கடலோரம் இருந்த விசாலம் அக்காவின் மகள் கலியாணத்தை என் கணவர்தான் எடுத்தவர். அக்கா தன் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியைத் திறந்துவிட்டார்.

"குனிஞ்சு நின்னு எடு தாயி. கீழேருந்து பாத்தா உன்னையும் அள்ளிட்டுப் போயிருவாங்க. எனக்கு முட்டி விடாது, படியிலேயே உக்காந்திருக்கேன்."

மாலை 6.10. குருவிகள் வந்தன. தகரத்தில் மழை விழுவதுபோல் சிறகுச் சத்தம். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கமெராக் கண்ணாடிக்குள் கடல், ரயில் பாதை, தென்னைகள், அவற்றுக்கு மேலே கறுத்துத் திரளும் கூட்டம்... எல்லாம் தெரிந்தன.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. தலைக்கு மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல். மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே இடத்தில் பிரிந்தது.

எனக்குச் சற்றுப் பின்னால்.

பிறகு சத்தம் நின்றது. குருவிகள் பறந்துகொண்டேயிருந்தன. சத்தம் மட்டும் இல்லை...

"மெதுவாத் திருப்பும்."

அவர் குரல். காதோரம்.

விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். "இஞ்சாருங்கோ... எப்ப வந்தனீங்கள்?"

"திரும்பிப் பாராதையும். வெளிச்சம் போகுது."

என் முழங்கையை ஒரு கை தாங்கியது. குளிர்ந்த கை.

திரும்பினேன்.

யாருமில்லை.

படியில் விசாலம் அக்கா அப்படியே இருந்தார். "மேலே ஒருத்தரும் வரலையே. ஏன் தாயி அழுவுற?"

அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் உடனே போட்டுப் பார்த்தோம். கடல் இருந்தது. ரயில் பாதை இருந்தது. தென்னைகள் இருந்தன.

ஒரு குருவி இல்லை.

பிறகு படம் மாறியது. ஒரு பெண்ணின் முதுகு. என் பின்னல். என் சேலை. கமெராவைத் தோளில் வைத்தபடி நான்.

பின்னாலிருந்து எடுத்த படம்.

விசாலம் அக்கா தொலைக்காட்சியை அணைத்தார். மறுநாளும் மொட்டைமாடிக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். குருவிகள் வரவில்லை. அதிகாரிக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஓகஸ்டில் கொம்பனித்தெரு ஹமீட் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். இவரோடு ஒரே அறையில் அடைபட்டிருந்து விடுதலையானவர். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"கொண்டுவந்த அன்னைக்கு ராவே மவுத்தாப் போயிட்டாரு, அக்கா. விடிய முந்தி உடம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு தெரியாது."

நான் அதிகாரிக்கு முன்னால் கைகட்டி நின்றது அதற்கு அடுத்த நாள். அவர் சிரித்துக்கொண்டே குருவியைக் கேட்டபோது, விடுவதற்கு அங்கே ஆள் இருக்கவில்லை.