கரிசல் குடிக்காத தண்ணீர்

வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் விட இடம் குறித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசிகூட செப்டிக் டேங்குக்குக் காட்டமாட்டார்கள். வாஸ்துக்காரர் வாயு மூலை என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. மண் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் வீடு கட்டினார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கரிசல் மண்; நான் போனது நல்ல கோடையில். டேங்கிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழிக்கு வாயு மூலையில் இடம் குறித்து வைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வீடு, வேலியை ஒட்டியே தம்பியின் போர்வெல். பாகம் பிரித்த பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

கரிசல் தண்ணீரை லேசில் குடிக்காது என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் சோதனைக்குச் சிறு குழி தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின கையோடு காணாமல் போனது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீகளா மேடம், எம்புட்டு வேகமா இழுக்குது. நீங்க சும்மா பயமுறுத்துனீக."

"மண்ணு எங்கண்ணே குடிச்சுச்சு? வெடிப்புல ஓடிருச்சு. நல்லா ஊறட்டும், நாளைக்குப் பாப்போம்."

முகம் சுருங்கினாலும் சாயங்காலம் வரை அவரே குழியை நிரப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. ஊற்றிய தண்ணீர் மதியம் வரை அப்படியே நின்றது.

மழைக்காலத்தில் இங்கே குழி வழியும், கோடையில் வெடிப்பு வழியே கழிவுநீர் போருக்குப் போகும் என்று சொன்னேன். போருக்கு எட்டாத வாசல் பக்கம் மணல் மேடு போட்டு, அதற்குள் கழிவுநீர் மெல்ல வடிய ஜல்லி வாய்க்கால் அமைக்கலாம். அது அவர் கார் ஷெட்டுக்கு ஆசையாக ஒதுக்கிய இடம்.

"வழிஞ்சா லாரியக் கூப்புட்டு எடுத்துக்கிறேன். அவன் போருக்குப் போனா எனக்கென்ன?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தத் தண்ணிய யார் யாருண்ணே குடிக்கிறாக?" என்று கேட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொடியில் பழைய நூல் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா அங்கனதேன் இருக்கு," என்றார். கார் ஷெட் இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாசல்லயே போட்ருங்க மேடம். எதுக்குன்னு மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."