அன்புச்செல்வி புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போன கதை

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்தால் மேற்கு மாம்பலத்துக் கடைக்காரர், "வீட்டுல அம்மாவை எழுதித் தரச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தக் கையை வைத்துக்கொண்டு தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறேன் என்றால் அதற்குக் கோடம்பாக்கத்தில் இருக்கும் அன்புச்செல்விதான் காரணம். நான் கிறுக்குவதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனுஷி. காலையில் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மத்தியானத்துக்குள் சுத்தமாக டைப் அடித்து அனுப்பிவிடுவார்.

வெறுமனே அடிப்பவரும் இல்லை. ஒரு தடவை நான் அவசரத்தில் ஒரு சித்தியை வாய் ஓயாமல் சண்டை போட வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்தது. "சார், இந்தச் சித்தி போன வாரமே மாடிப்படியில உருண்டு கோமாவுல கீறாங்க. எப்டி சார் பேசுவாங்க?" என்றார். இயக்குநருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அந்த அம்மாள் மட்டும் மானத்தைக் காப்பாற்றினார்.

அன்புச்செல்விக்கு அறுபதை நெருங்கும் வயது. பத்தாவது முடித்த கையோடு தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். சினிமாக் கம்பெனிகளுக்கு மெஷினில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், மெஷின்கள் காயலான் கடைக்குப் போன காலத்தில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஹாலில் ஜன்னலோரம் அதற்கென்று ஒரு மேஜை. கணவர் புகழேந்தி ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் வீட்டோடு இருக்கிறார். ஒரே பெண் சரண்யா கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருக்கிறாள்.

இந்த வருஷம் கோடையில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி எழுந்துகொள்ளும். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்து அடிப்பார். நாலு வரி அடிப்பது, சேமிப்பது, மறுபடி நாலு வரி. மத்தியானம் வர வேண்டிய வசனம் சாயந்தரம் வந்தது. செட்டில் நடிகர்கள் காத்திருக்க, தயாரிப்பு நிர்வாகியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புதுசு வாங்கித் தொலையுங்களேன் என்று நானும் சொன்னேன், சரண்யாவும் போன் போட்டுச் சொன்னாள். நான் கொஞ்சம் கடுகடுப்பாகவே சொன்னேன் என்று வையுங்கள். ஆடி முடியட்டும் என்றார். ஆடி முடிந்தது. ஆவணியில் நல்ல நாள் பார்த்து என்றார். ஆவணியில் நல்ல நாட்களுக்கா பஞ்சம்? பிள்ளையார் சதுர்த்தியும் வந்து போனது. சேர்த்து வைத்த பணம் இருக்கிறது, பெண் வேறு தருகிறேன் என்கிறாள், பிறகு என்னதான் தடை என்று ஒருநாள் பொறுமை போய்க் கேட்டேவிட்டேன்.

அன்புச்செல்வி பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு சொருகியிருந்தது. அதுதான் பூட்டாம். அது இருந்தால்தான் அவருடைய பழைய தமிழ் டைப்பிங் புரோகிராம் திறக்கும். அதைச் சொருகும் வாய் இப்போது வரும் பெட்டிகளில் கிடையாது. புரோகிராமை விற்ற கம்பெனியும் எப்போதோ மூடிப்போய்விட்டது. இன்றைக்கு எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று தட்டித் தமிழில் அம்மாவை வரவழைக்கிறார்கள். அவர் விரல் பழகியதோ பழைய டைப்ரைட்டர் முறையில்.

"எது எந்த எடத்துல கீதுன்னு என் வெரலுக்குத்தான் சார் தெரியும், எனக்குத் தெரியாது. இந்தப் பொட்டி போச்சுன்னா என் வேலையும் போச்சு. சரண்யா ரெஸ்ட் எடுன்னு சொல்லும். நான் இன்னா சார் ரெஸ்ட் எடுக்கிறது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பயந்தது தன் வேலை போய்விடும் என்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் புதுசு வாங்கும் பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஆனால் பெட்டி விடவில்லை. கல்யாணக் காட்சி ஒன்று, தாலி கட்டுவதற்கு முன்னால் கதாநாயகி எழுந்து நின்று மண்டபத்தையே கேள்வி கேட்கும் இடம். நான் ரத்தத்தைக் கொடுத்து எழுதியது. அவசரம் என்று நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அதன் கடைசி வரியை நெருங்கும்போது பெட்டி அணைந்தது. மறுபடி திறந்து பார்த்தால் சேமித்து வைத்ததே கெட்டுப்போய், காட்சியில் பாதியைக் காணோம். என் காகிதத்தின் மேல் புகழேந்தி காப்பி டம்ளரை வைத்திருந்ததால் அந்தப் பக்கமும் ஊறிப்போயிருந்தது. அன்புச்செல்வி ஊறிய காகிதத்தை எடுத்து ஜன்னலோரம் உலரப் போட்டார். அப்புறம், "வாங்க, போய் வாங்கிடலாம்" என்றார். தூக்குத் தண்டனைக்கு நாள் குறித்தவர் குரல் அது.

கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஷாஹுல் ஹமீது கடைக்குப் போனோம். பழைய பெட்டியைக் கொண்டுவந்தால் அதிலிருப்பதையெல்லாம் புதுசுக்கு மாற்றித் தருவதாக அவர் போனில் சொல்லியிருந்தார். காய்ச்சல் வந்த குழந்தையைக் கொண்டுபோவதுபோல் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார் புகழேந்தி. கடையில் ஷாஹுல் ஒரு புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினார். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். அன்புச்செல்வி அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பூட்டுக்கு வாய் இல்லை. இல்லை என்று தெரிந்தேதான் தேடினார், ஆனாலும் முகம் விழுந்துவிட்டது.

"எந்தக் கீபோர்டும்மா அடிப்பீங்க?" என்று கேட்டார் ஷாஹுல். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஷாஹுலுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கோர்ட்டில் டைப் அடிப்பவர்கள் வந்து இதையேதான் கேட்கிறார்கள், பூட்டெல்லாம் வேண்டாம், சும்மாவே கிடைக்கிறது என்று சொல்லி எதையோ தட்டிப் போட்டார். பழைய டைப்ரைட்டர் முறை அப்படியே இருக்கும், அடித்துப் பாருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்புச்செல்வி உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வார்த்தையை மெதுவாக அடித்தார். தமிழில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அப்புறம் நான் பார்த்தது வேறு வேகம். என்ன அடிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். தொலைந்துபோன என் கல்யாணக் காட்சி. ஒரு தடவை அடித்ததை மனசிலிருந்து எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதை அப்போது நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்குள் ஷாஹுல் பழைய பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றியிருந்தார். குனிந்தவர் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"வீட்ல சாம்பிராணி போடுவீங்களா சார்?"

புகழேந்தி பெருமையாகத் தலையாட்டினார். படப்பிடிப்பில் முதல் லைட்டைப் போடுவதற்கு முன்னால் அதற்குச் சூடம் காட்டிக் கும்பிட்டவர் அவர். வீட்டோடு ஆன பிறகு கும்பிட லைட் இல்லை. இப்போது வீட்டுக்குச் சோறு போடுவது எது? பெண்டாட்டியின் கம்ப்யூட்டர். ஆகவே செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தூபக்காலை அதன் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார், வருஷக்கணக்காக.

"பொகைய அப்டியே உள்ள இழுத்துக்கும் பாய். சாமி ஏத்துக்கினு கீதுன்னு நெனச்சேன்" என்றார்.

உள்ளே இருந்த விசிறி இழுத்திருக்கிறது. இழுத்த புகையெல்லாம் பிசினாகப் படிந்து, அதன் மேல் தூசி அப்பி, விசிறியே தெரியாமல் கம்பளி போர்த்தியதுபோல் கிடந்தது. மூச்சு முட்டிச் சூடேறித்தான் பெட்டி மயக்கம் போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஷாஹுல் சிரிக்கவில்லை. தன் கடையிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு என்றும், அதைப் போட வருகிற ஆளை வாசலோடு நிறுத்திவிடுவதாகவும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தெருவுக்குத் தூக்கிப்போய்க் காற்றடித்தார். கரும்புகை மாதிரி கிளம்பியது. பக்கத்துக் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுத்தம் செய்து மாட்டி ஓடவிட்டார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தோம், ஓடிக்கொண்டிருந்தது. ஷாஹுலுக்கு நடுவில் இரண்டு வியாபாரமும் முடிந்தது, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தாராளமாக இன்னும் மூன்று வருஷம் வரும், இப்போதைக்குப் புதுசு அவசியமில்லை என்றார் அந்த நல்ல மனுஷர். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. புகழேந்தியோ இழந்த மானத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்போலத் துண்டை உதறிப் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.

அன்புச்செல்வி மட்டும் புதுக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. காட்சியின் கடைசி வரியை அடித்து முடித்தார். முற்றுப்புள்ளி வைத்தார். திரும்பி, "பாய், இத எடுத்துக்கிறேன்" என்றார்.

புகழேந்தி சுற்றுவதை நிறுத்தினார். "அதான் நல்லாகிப் போச்சே அன்பு. இன்னும் மூணு வருஷம் ஓடும்ன்றாரு."

"மூணு வருஷம் எனக்குப் பத்தாதுங்க" என்றார் அன்புச்செல்வி.

அத்தனை மாதமாக நான் பார்த்த முகம் அது இல்லை. புகழேந்தி பழைய பெட்டியைத் துண்டோடு இறுக்கிக் கட்டினார். பிறகு இரண்டு பெட்டிக்கும் இடம் இருக்கிற மாதிரி ஓர் ஆட்டோ பார்க்கத் தெருவில் இறங்கினார்.