சிவப்பில் எழுதிய பெயர்

பிள்ளைகளே, பெரியப்பாவை அடக்கம் செய்த அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "தாத்தா குழியை ஏம்ப்பா தோண்டுனாங்க? நீ ஏன் உட்டே?" என்று சின்னவள் கேட்டாள். பெரியப்பாவின் பெட்டியோடு வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சிறு மூட்டையையும் குழிக்குள் இறக்கியதை அவள் பார்த்துவிட்டாள். அது தாத்தாவின் எலும்பு என்று யாரோ சொல்லியும் விட்டார்கள். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வரமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வாயால் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. பத்தாவது முடித்து ஐடிஐ போனவன் நான், எழுத்தும் அவ்வளவாக வராது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு கிரைண்டிங் மிஷின் வாங்கியபோது, அதைப் பழகி வர என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவுக்கு அப்போதே டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு சென்னீர்குப்பத்தில் நம் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். நான் பெட்டி அடுக்குவதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"டேய், நான் பூட்டேன்னா என்னை நைனா குழியிலயே வச்சிடு."

"ஊருக்குக் கெளம்பறப்போ இன்னா பேச்சு அண்ணாத்தே இது."

"அப்பால பேசறதுக்கு நான் இருக்கணுமே. வைக்கிறியா, இல்லையா?"

நான் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

நம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் ஆன குழியை, வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தால் திறப்பார்கள். பழைய எலும்பை எடுத்துத் துணியில் கட்டி, புதியவரோடு சேர்த்து வைத்து மூடுவார்கள். சம்மதிக்காவிட்டால் ஊரைத் தாண்டிச் சர்ச்சுக்காரர்கள் எங்கேயோ வாங்கிப் போட்டிருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பொட்டலில் தெரியாதவர்கள் நடுவே தனியாகக் கிடக்க அவருக்குப் பயம். எனக்கோ என் நைனா, உங்கள் தாத்தா, படுத்திருக்கும் மண்ணில் கடப்பாரை இறங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேறு யார் வீட்டுச் சாவிலோ மண்வெட்டியோடு ஒரு தாடை எலும்பு வந்ததைச் சிறு வயதில் பார்த்தவன் நான். பதில் சொல்லாமலே விமானம் ஏறினேன்.

அங்கே எனக்கு வேலை பழக்கியவரை மனதுக்குள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் ஊரைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார். முன்பு ஒரு ராஜா வம்சம் ஆண்ட கோட்டை ஊர். கோட்டையில் மிச்சமிருந்தது அகழியும் கருங்கல் சுவரும்தான். அந்த வம்சத்தின் முதல் ராஜாவையே சாமியாக வைத்து ஒரு கோயில் இருந்தது. வாசலில் கல்தொட்டி, நிறையத் தண்ணீர், மூங்கில் அகப்பை. கோயில் வாசலில் தண்ணீர் இருந்தால் எதற்கு? நான் ஷூவைக் கழற்றி இரண்டு காலிலும் ஊற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது கை கழுவி வாய் கொப்பளிக்கிற தண்ணீராம். மேஸ்திரி கைக்குட்டையை நீட்டினார். அதில் கால் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஈரக்காலோடு ஷூவை மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ராஜாக்களின் கல்லறைக்குப் போனோம். ஒரு புத்தர் கோயிலுக்குப் பின்னால், மலைச்சரிவில், உயரமான மரங்களுக்கு நடுவே. ஒவ்வொரு ராஜாவுக்கும் தனி மேடை, தனி வேலி, ஆள் உயரத்துக்கு மேல் கல். முன்னால் வரிசை வரிசையாகக் கல் விளக்குகள். ராஜாவிடம் வேலை பார்த்தவர்கள் வைத்தவையாம். எல்லாவற்றின் மேலும் பாசி. சரளைக் கல்லில் எங்கள் காலடிச் சத்தமும் என் ஷூவுக்குள் தண்ணீர் பிழிபடுகிற சத்தமும்தான் கேட்டன. எவ்வளவு இடம் இவர்களுக்கு என்று நினைத்தேன். யார் மண்ணையும் யாரும் தொட வேண்டியதில்லை. நைனாவுக்கும் இப்படி இருந்திருந்தால் நான் அண்ணனிடம் வாய் மூடி நின்றிருக்க வேண்டாம்.

அங்கிருந்து கீழே, ஊர்க்காரர்களின் கல்லறைகளுக்கு மேஸ்திரி கூட்டிப் போனார். அங்கே நெருக்கம், நம் ஊர் மாதிரியே. ஒரு கல்லின் முன் நின்று, வாளித் தண்ணீரை அகப்பையில் மொண்டு மேலிருந்து ஊற்றினார். பக்கவாட்டில் பெயர்கள் வெட்டியிருந்தன. கடைசிப் பெயரில் மட்டும் சிவப்பு வர்ணம். அதைக் காட்டி, பிறகு தன் மூக்கைத் தொட்டார். எனக்கு விளங்கவில்லை. போனில் பேசி, மொழிபெயர்த்துக் காட்டினார். அது அவருடைய பெயர். மனைவி இறந்தபோதே சேர்த்து வெட்டியதாம். உயிரோடு இருக்கிறவரை சிவப்பு, போன பிறகு வர்ணத்தை எடுத்துவிடுவார்களாம். அப்பா, அம்மா, மனைவி எல்லோருடைய சாம்பலும் அந்தக் கல்லுக்கு அடியில் ஒரே அறையில் இருக்கிறது.

"நெருக்கமாக இருக்காதா?" என்று என் போனில் கேட்டுக் காட்டினேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நாங்கள் இருந்தது சின்ன வீடு. பழக்கம்தான்" என்று பதில் வந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூந்தமல்லியில் நாங்கள் இருந்தது ஓர் அறை. அம்மா என்னைப் பெற்றதோடு போய்விட்டார். ஒரே பாயில் நைனா சுவரோரம், அண்ணன் நடுவில், நான் இந்த ஓரம். தூக்கத்தில் யார் கால் யார் மேல் என்றே தெரியாது.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடா, அம்மாந்தூரம் போயும் கல்லறையா சுத்திகினு கீறே? மத்தவன்லாம் புல்லட் ரயில்ல போட்டோ எட்த்து அனுப்பறான்."

"அண்ணாத்தே, நீ கேட்டது சரி. உன்னை நைனாகிட்டயே வச்சிடறேன்."



"அந்தாள் கொறட்டை உடுவாரேடா" என்றார். "பரவால்ல, அட்ஜஸ் பண்ணிக்கறேன்." அதற்கப்புறம் போனை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்த பிறகு, அடுத்த மழைக்காலம் வரை அண்ணன் இருந்தார்.

சின்னவளே, அந்த மூட்டையைக் கட்டியது குழி வெட்டியவர் இல்லை, நான்தான். நைனாவை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி மண்ணைத் துடைத்துத் துணியில் வைத்தேன். கனமே இல்லை. பயமும் வரவில்லை. எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார்கள். தோட்டத்துச் சுவர்ப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

இந்தக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்து, உன் அம்மாவும் அக்காவும் முன்னால் போன பிறகு நான் மட்டும் நின்றேன். நைனா பெயருக்குக் கீழே அண்ணன் பெயரைப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு சாண் வெற்றுக்கல். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினேன். அது காய்ந்ததும், காலடியில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து, அந்த வெற்றிடத்தில் என் பெயரைச் சிவப்பாக எழுதினேன்.